பத்தியம் யாருக்கு?



பத்தியம் என்னும் சொல்லை நீங்கள் உங்கள் பாட்டிமார் சொல்லக் கேட்டிருப்பீர்கள். மருந்து கொடுக்கும் வைத்தியர், "உப்பைக் குறை, புளியை விலக்கு, எண்ணெய் ஆகாது" என்று சொல்லுவார். எத்தனை நாளைக்கு என்பதையும் கூடவே சொல்லிவிடுவார். ஆகவே, நம் முன்னோர் கண்ட பத்தியத்திற்கு மூன்று எல்லைகள் இருந்தன. இன்ன நோய்க்கு, இன்ன மருந்தோடு, இத்தனை நாளைக்கு என்பவையே அவை.

இப்பொழுது நம் ஊர்ப்பக்கத்தில் ஒரு புதிய பத்தியம் பரவி வருகிறது. கைப்பேசியைத் திறந்தால், "நான் கோதுமையை விட்டேன், உடல் இளைத்தது, முகம் தெளிந்தது, நீங்களும் விட்டுவிடுங்கள்" என்று எவரேனும் ஒருவர் பேசுகிறார். கோதுமையில் உள்ள குளூட்டன், அதாவது பசையம், எல்லா நோய்க்கும் மூலம் என்கிறார். இந்தப் பத்தியத்திற்கு நோயின் பெயர் இல்லை, மருந்து இல்லை, நாளின் எல்லையும் இல்லை. ஒரு சாரார் இதை வேதவாக்காகக் கொள்கின்றனர். மற்றொரு சாரார், "இதெல்லாம் பணக்காரர் வீட்டு நோய்" என்று எள்ளி நகையாடுகின்றனர். இரு சாராரும் தவறு செய்கின்றனர் என்று நான் எண்ணுகிறேன். அதற்குக் காரணமான இரண்டு மாணவர்களைப் பற்றியும் இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

முதலில் பசையம் என்பது யாது என்று பார்ப்போம். இதற்கு ஆய்வுக்கூடம் வேண்டியதில்லை. உங்கள் வீட்டு அடுக்களையே போதும். ஒரு கைப்பிடி மைதா மாவைத் தண்ணீர் விட்டுக் கெட்டியாகப் பிசைந்து, அரை மணி நேரம் ஊறவிடுங்கள். பிறகு அந்த உருண்டையை ஒரு பாத்திரத் தண்ணீருக்குள் வைத்து மெல்ல மெல்லப் பிசைந்து கழுவுங்கள். தண்ணீர் பால்போல் வெளுக்கும். அவ்வாறு கரைந்து செல்வது மாச்சத்து. தண்ணீரை மாற்றி மாற்றிக் கழுவினால், இறுதியில் கையில் சவ்வுபோன்ற ஒரு பொருள் எஞ்சும். இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும். அதுவே பசையம். அது புரதங்களால் ஆனது. இத்தாலி நாட்டுப் பெக்காரி என்னும் அறிஞர் 1745 ஆம் ஆண்டில் இதைப் பற்றி எழுதி வெளியிட்டார்.

இதே சோதனையைக் கம்பு மாவிலோ சோள மாவிலோ செய்து பாருங்கள். அத்தகைய சவ்வு எஞ்சாது. பரோட்டா மாவை வீசி வீசித் துணிபோல் விரிக்க முடிவதும், சோள மாவைக் கையால் தட்டித்தான் ரொட்டியாக்க முடிவதும் இந்த வேறுபாட்டினாலேயே. கோதுமை, பார்லி, ரை என்னும் தானியங்களில் இவ்வகைப் புரதம் உண்டு. அரிசி, கம்பு, சோளம், கேழ்வரகு, வரகு, தினை, மக்காச்சோளம் ஆகியவற்றில், நோய் செய்யும் அந்தப் புரதம் இல்லை. பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் மேட்டுக்காடுகளில் நம் தாத்தாமார் விதைத்தவை பெரும்பாலும் பசையம் இல்லாத தானியங்களே. பசையம் இல்லாத உணவு என்பது நமக்கு மேல்நாட்டிலிருந்து வந்த புதுமை அன்று. அது நம் பழைய கூழ்ப்பானையே.

இனி, முதல் மாணவனைப் பற்றிச் சொல்கிறேன்.

பல ஆண்டுகளுக்கு முன் நான் ஆசிரியப் பணியில் இருந்தபோது, எட்டாம் வகுப்பில் ஒரு பையன் வந்து சேர்ந்தான். அவன் தந்தையார் படைப்பணியில் பஞ்சாபில் இருந்தவர். பணி முடிந்து குடும்பத்தோடு சொந்த ஊருக்குத் திரும்பியிருந்தார். பையனுக்கு வயது பதின்மூன்று. பார்த்தால் ஒன்பது வயது மதிக்கலாம். கை கால்கள் குச்சி. வயிறு மட்டும் உப்பியிருந்தது. முகத்தில் இரத்தமே இல்லை. பாடம் நடக்கும்போது தலையை மேசைமேல் சாய்த்துக்கொள்வான். பிள்ளைகள் அவனைக் கேலி செய்தனர். நானோ அவனைச் சோம்பேறி என்று வகுப்பறையில் எல்லார் முன்னிலையிலும் கடிந்துகொண்டேன். அந்தச் சொல்லை நான் இன்றும் மறக்கவில்லை.

ஊருக்கு வந்த சில மாதங்களில் பையன் சற்றுத் தேறினான். கம்பங்கூழும் சோறும் உண்டு வளர்ந்த வீடு அது. "ஊர்த் தண்ணீர் ஒத்துக்கொண்டது" என்றார் அவன் பாட்டி. தாயார் மகிழ்ந்து, பிள்ளை இன்னும் தேற வேண்டுமென்று காலையில் கோதுமைக் கஞ்சியும், மாலையில் மால்ட் பானமும் ரொட்டித் துண்டும் கொடுக்கத் தொடங்கினார். வயிற்றுப்போக்கு மீண்டும் வந்தது. இரும்புச்சத்து மாத்திரைகள் பல மாதம் கொடுத்தும் சோகை தீரவில்லை. அன்போடு கொடுத்த கஞ்சியே பிள்ளையை வாட்டுகிறது என்று அந்தத் தாய் எவ்வாறு அறிவார்? கடைசியில் திருச்சியில் ஒரு மருத்துவர், மாத்திரைக்கும் அடங்காத சோகை ஏன் என்று ஐயுற்று, குருதியைச் சோதிக்கச் செய்தார். பிறகு சிறுகுடலிலிருந்து ஒரு சிறு துணுக்கை எடுத்து நுண்ணோக்கியில் பார்க்கச் செய்தார். அவனுக்கு இருந்தது சீலியாக் நோய்.

இந்நோய் உள்ளவர்கள் பசையத்தை உண்டால், உடலைக் காக்க வேண்டிய தடுப்பாற்றலே உடலைத் தாக்குகிறது. சிறுகுடலின் உட்சுவரில் விரல்கள்போல் நீட்டிக்கொண்டிருக்கும் குடலுறிஞ்சிகளைப் பற்றி அறிவியல் பாடத்தில் படித்திருப்பீர்கள். அவை தேய்ந்து தட்டையாகிவிடுகின்றன. உண்ட உணவின் சத்து உடலில் சேருவதில்லை. பிள்ளை வளர்வதில்லை, இரும்புச்சத்து ஏறுவதில்லை, எலும்பு வலுப்பெறுவதில்லை. இது சோம்பல் அன்று. செல்லம் கொடுத்துக் கெட்டதும் அன்று. இதற்கு மாத்திரையும் இல்லை. பசையத்தை வாழ்நாள் முழுவதும் விலக்குவதே மருந்து.

இந்த உண்மையைக் கண்டுபிடித்த வரலாறு மாணவர்கள் அறியத் தக்கது. 1924 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் சிட்னி ஹாஸ் என்னும் குழந்தை மருத்துவர், இந்நோயுற்ற குழந்தைகளுக்கு வாழைப்பழத்தை முக்கிய உணவாகக் கொடுத்து, ரொட்டி முதலியவற்றை விலக்கினார். குழந்தைகள் தேறினர். வாழைப்பழம் நோயைக் குணப்படுத்தியது என்று மக்கள் நம்பினர். தேறிய பிள்ளைகள் பலர் மீண்டும் ரொட்டி உண்ணத் தொடங்கினர். ஆனால் அவர்களைத் தேற்றியது சேர்த்த பழம் அன்று, விலக்கிய ரொட்டியே. நம் ஊர்ப் பாட்டி தண்ணீரைப் புகழ்ந்ததும் இவ்வகைப் பிழையே அல்லவா?

ஹாலந்து நாட்டில் வில்லெம் டிக்கே என்னும் குழந்தை மருத்துவர் இருந்தார். கோதுமையின்மீது அவருக்கு 1930களிலேயே ஐயம் உண்டு. இரண்டாம் உலகப்போரின் இறுதியில், 1944–45 குளிர்காலத்தில், அந்நாட்டில் கொடிய பஞ்சம் ஏற்பட்டது. ரொட்டி கிடைக்கவில்லை, மக்கள் துலிப் பூச்செடியின் கிழங்கைக்கூட வேகவைத்து உண்டனர். ஊரே மெலிந்த அந்தக் காலத்தில் சீலியாக் நோயுற்ற குழந்தைகள் தேறினர். ரொட்டி மீண்டும் வந்ததும் அவர்களுடைய நோயும் திரும்பியது. டிக்கே அதோடு நிற்கவில்லை. ஒவ்வொரு தானியமாகக் கொடுத்தும் நிறுத்தியும் அளந்து பார்த்து, 1950 ஆம் ஆண்டில் தம் ஆய்வேட்டை எழுதினார். ஐயம் வேறு, முடிவு வேறு என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

"இந்நோய் நம் நாட்டில் உண்டா?" என்று நீங்கள் கேட்கலாம். மருத்துவர் பி. எஸ். ராமகிருஷ்ணாவும் பிறரும் நம் நாட்டின் வடக்கு, வடகிழக்கு, தெற்குப் பகுதிகளில் 23,331 பேரைச் சோதித்து, 2016 ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டனர். இந்நோயைக் காட்டும் எதிர்ப்பொருள் குருதியில் காணப்பட்டவர்கள் வடக்கில் நூற்றுக்கு 1.23 பேர், வடகிழக்கில் 0.87 பேர், தெற்கில் 0.10 பேர். ஆனால் இந்நோய்க்கு இடம் தரும் மரபணு உள்ளவர்களோ வடக்கில் நூற்றுக்கு 38 பேர், தெற்கில் 36 பேர். மரபில் பெரிய வேறுபாடு இல்லை. வேறுபாடு தட்டில் இருந்தது. வடக்கில் ஒருவர் நாளொன்றுக்குச் சராசரியாக 455 கிராம் கோதுமை உண்டார். தெற்கில் 25 கிராமே உண்டார்.

இக்கணக்கு இரண்டு செய்திகளைச் சொல்கிறது. ஒன்று, நம் பக்கத்தில் இந்நோய் மிக அரிது. ஆகவே காண்போர் எல்லாருக்கும் பசையம் ஆகாது என்று கூறுவதற்கு ஆதாரம் இல்லை. மற்றொன்று, நாமும் காலையில் ரவை உப்புமா, பள்ளியில் பிஸ்கட், இரவில் சப்பாத்தி அல்லது பரோட்டா என்று மாறி வருகிறோம். கோதுமை பெருகினால் இந்நோய் இங்கும் பெருகக்கூடும். மரபணு உள்ளவர் எல்லாருக்கும் நோய் வருவதில்லை, சிலருக்கே வருகிறது. அந்தச் சிலரை அறிந்துகொள்ள மருத்துவர்களும் ஆசிரியர்களும் விழிப்பாயிருத்தல் வேண்டும்.

இனி, இரண்டாவது மாணவி. இவர் என் பழைய மாணவி. பள்ளியை முடித்துக் கல்லூரி விடுதியில் தங்கிப் படித்துவந்தார். வயிறு சற்றே உப்புசமாக இருந்ததென்று, கைப்பேசியில் கேட்ட யோசனைப்படி கோதுமையை விட்டார். முதல் வாரம் நன்றாக இருந்தது. பிறகு பாலை விட்டார். பிறகு சோற்றையும் விட்டார். கடைசியில் வெள்ளரிக்காயும் வேர்க்கடலையுமே எஞ்சின. ஆறு மாதத்தில் முடி கொட்டியது. தேர்வுக்கூடத்தில் மயங்கி விழுந்தார். பெற்றோர் அவரை அழைத்துக்கொண்டு மருத்துவரிடம் சென்றபோது, மருத்துவர் ஒரு செய்தி சொன்னார். அது உங்களுள் பலருக்குப் பயன்படும் என்பதால் நிறுத்திச் சொல்கிறேன்.

சீலியாக் நோய்க்கான குருதிச் சோதனை, கோதுமை உண்டுவரும் காலத்திலேயே செய்யப்பட வேண்டும். கோதுமையை விட்டுப் பல மாதம் ஆனபின் சோதித்தால், குருதியில் எதிர்ப்பொருள் குறைந்திருக்கும், குடலும் ஆறியிருக்கும். நோய் இருந்தாலும் இல்லை என்றே சோதனை சொல்லக்கூடும். ஆகவே அந்தப் பெண் சில வாரங்கள் மருத்துவர் மேற்பார்வையில் மீண்டும் கோதுமை உண்டு, பிறகே சோதனை செய்துகொள்ள நேர்ந்தது. அவருக்கு அந்நோய் இல்லை. ஆறு மாதப் பட்டினி வீணாயிற்று.

நோயை அறிந்து, அதன் காரணத்தை அறிந்து, அதன்பிறகே தணிக்கும் வழியைத் தேட வேண்டும் என்று திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தில் முறை வகுத்தார். இக்காலத்தில் நாம் அம்முறையைத் தலைகீழாக்கிவிடுகிறோம்.

"அப்படியானால் அந்தப் பெண்ணின் வயிற்று உப்புசம் பொய்யா?" என்று கேட்பீர்கள். பொய் அன்று. சீலியாக் நோய் இல்லாதவர்களுள்ளும் கோதுமை உண்டால் வயிறு வருந்துவோர் உண்டு. ஆஸ்திரேலியாவில் பீட்டர் கிப்ஸன் என்னும் பேராசிரியரின் குழுவினர் 2011 ஆம் ஆண்டில் 34 பேரை ஆராய்ந்து, பசையமே காரணமாகலாம் என்று எழுதினர். பின்னர் அவர்களே தம் முடிவை ஐயுற்று, 37 பேரைக்கொண்டு மேலும் கவனமாக ஆராய்ந்தனர். எளிதில் நொதித்து வயிற்றில் காற்றை உண்டாக்கும் மாவுப்பொருள்களை முதலில் நீக்கிவிட்டு, அதன்பின் பசையத்தைக் கொடுத்துப் பார்த்தனர். பசையத்தால் தனித்த தீங்கு எதுவும் தோன்றவில்லை என்று 2013 இல் வெளியிட்டனர். தம் பழைய முடிவைத் தாமே மறுத்த அந்த நேர்மையை நீங்கள் கருத்தில் கொள்ள வேண்டும்.

2018 ஆம் ஆண்டில் நார்வே நாட்டு ஆய்வாளர்கள் பசையத்தை விலக்கி வாழ்ந்த 59 பேருக்கு, உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லாமல் மூவகைத் தின்பண்டம் கொடுத்தனர். ஒன்றில் பசையம், ஒன்றில் ஃபிரக்டான் என்னும் மாவுப்பொருள், ஒன்றில் இரண்டும் இல்லை. வயிற்றை மிகுதியாக வருத்தியது ஃபிரக்டானே. இந்த ஃபிரக்டான் கோதுமையில் உண்டு, பூண்டில் உண்டு, வெங்காயத்திலும் நிறைய உண்டு. பெரம்பலூர் மாவட்டத்துச் செட்டிகுளம் பக்கத்துச் சின்ன வெங்காயத்தை உலகம் அறியும். சப்பாத்தியைக் குற்றவாளியாக்கிவிட்டு, கூழுக்கு ஒரு பிடி சின்ன வெங்காயத்தைக் கடித்துக்கொள்பவர் தம் வயிற்று வலியின் காரணத்தை எவ்வாறு காண்பார்?

பரோட்டாவை விட்டபின் உடல் நலமானது என்று ஒருவர் கூறினால், நான் அவரை மறுக்கமாட்டேன். ஆனால் பரோட்டாவோடு அவர் எண்ணெயை விட்டார், சால்னாவை விட்டார், இரவு பத்து மணிக்கு உண்ணும் வழக்கத்தையும் விட்டார். நான்கில் எது நன்மை செய்தது? ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார் என்று ஆய்வுக்கூடத்தில் உங்களுக்குக் கற்பிக்கிறோம். அந்த விதி சாப்பாட்டிற்கும் பொருந்தும்.

நோய் இல்லாதவர் பசையத்தை விட்டால் இதயம் நலம்பெறும் என்றும் சிலர் சொன்னார்கள். அமெரிக்காவில் ஏறத்தாழ 1,10,000 பேரின் உணவை 26 ஆண்டுகள் பின்தொடர்ந்த ஓர் ஆய்வு 2017 இல் வெளிவந்தது. பசையம் உண்பதற்கும் இதயநோய்க்கும் தொடர்பு காணப்படவில்லை. பசையத்தை விலக்கும் முயற்சியில் முழுத்தானியத்தைக் குறைத்துக்கொண்டால் அதுவே தீங்காகலாம் என்றும் அவ்வாய்வாளர்கள் எச்சரித்தனர். கடைகளில் பசையம் இல்லை என்று அச்சிட்டு விற்கும் பிஸ்கட்டிலும் சர்க்கரையும் கொழுப்பும் இருக்கின்றன, விலையும் கூடுதல். அந்த எழுத்து நோயாளிக்கு அரண். மற்றவருக்கு அதனால் தனிப்பயன் எதுவும் இல்லை.

நோயாளிக்கு அந்த அரண் எவ்வளவு தேவை என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு கிலோ உணவில் 20 மில்லிகிராமுக்கு மேல் பசையம் இருந்தால், அதைப் பசையம் இல்லாத உணவு என்று விற்கக்கூடாது என்பது நம் நாட்டு விதி. என் மாணவன் சப்பாத்தியை விட்ட பின்னும் சில மாதம் முழுதும் குணமடையவில்லை. மருத்துவர் கேட்டுக் கேட்டுக் காரணங்களைக் கண்டார். சாம்பாரில் போட்ட கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவு கலந்திருந்தது. கேழ்வரகை அரைத்த மாவு மில்லில் அதற்குச் சற்று முன்னர்தான் கோதுமையை அரைத்திருந்தார்கள். கோயில் பிரசாதமான கேசரி ரவையால் ஆனது. வீட்டார் மாவு மில்காரரிடம் சொல்லி, வாரத்தில் ஒரு நாள் இயந்திரத்தைத் துடைத்ததும் முதலில் இவர்கள் தானியத்தை அரைத்துத் தர ஏற்பாடு செய்துகொண்டார்கள். அதன்பின் ஓர் ஆண்டில் பையன் வளர்ந்த வளர்ச்சியைக் கண்டு ஊரே வியந்தது. தலையை மேசைமேல் சாய்த்தவன் கபடி ஆடினான். நான் அவனை அழைத்து, முன்பு சொன்ன சொல்லுக்காக வருந்துகிறேன் என்றேன். "பரவாயில்லை, ஐயா" என்றான். எனக்கு அது போதவில்லை. ஆகவேதான் இன்று உங்களிடம் இதைச் சொல்கிறேன்.

இப்போது அவர் அரியலூரில் வேலை பார்க்கிறார். கலியாண வீடுகளுக்குத் தம் உணவைத் தூக்குச்சட்டியில் கொண்டுசெல்கிறார். "எங்கள் வீட்டுச் சாப்பாடு ஆகாதா?" என்று சிலர் முகம் சுளிக்கின்றனர். "ஒரு வாய்தானே, ஒன்றும் செய்யாது" என்று சிலர் வற்புறுத்துகின்றனர். அந்த ஒரு வாயும் அவர் குடலுக்குத் தீங்கு. காரணமின்றிப் பசையத்தை விட்டுப் பெருமை பேசுவோர் பெருகினால், காரணத்தோடு விட்டவரையும் உலகம் நம்பாது. புதிய மோகத்தால் விளையும் தீங்குகளுள் இதையே நான் பெரிதாகக் கருதுகிறேன்.

நம் மாவட்டத்து நிலைமையையும் எண்ணிப் பாருங்கள். பெரம்பலூரின் கரிசல் வயல்களில் மக்காச்சோளம் விளைந்து, பெரும்பகுதி கோழித் தீவனமாகிறது. வரகும் கம்பும் விளைந்த காடுகள் பல அதற்கும் பருத்திக்கும் இடம் கொடுத்துவிட்டன. கோதுமை மாவோ வெளியூரிலிருந்து வருகிறது. 2023 ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் அவை சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியது. கம்பையும் கேழ்வரகையும் மீண்டும் தட்டுக்குக் கொண்டுவருவது நல்லதே. நார்ச்சத்துக்காகவும், கேழ்வரகின் சுண்ணாம்புச் சத்துக்காகவும், நம் மானாவாரி உழவருக்காகவும் அவற்றை உண்ணுங்கள். சப்பாத்தியை நஞ்சென்று அஞ்சி ஓட வேண்டியதில்லை.

மாணவ நண்பர்களே, உங்களுக்கோ உங்கள் தம்பி தங்கையர்க்கோ நாள்பட்ட வயிற்றுப்போக்கு, மருந்துக்குத் தீராத சோகை, வயதுக்கேற்ற வளர்ச்சி இன்மை ஆகியவை இருந்தால், உணவை விடுவதற்கு முன் மருத்துவரிடம் செல்லுங்கள். சோதனை முடியும்வரை வழக்கமான உணவையே உண்ணுங்கள். நோய் உண்டென்று தெரிந்தால் பத்தியத்தை உறுதியாகக் காப்பாற்றுங்கள். இல்லையென்று தெரிந்தால் எல்லாத் தானியத்தையும் அளவோடு உண்ணுங்கள். உங்கள் வகுப்பில் எவரேனும் தனி உணவு கொண்டுவந்தால், கேலி செய்யாமல் அவர் அருகில் அமர்ந்து உண்ணுங்கள். வகுப்பில் ஒருவர் தலையைச் சாய்த்துக்கொண்டால், சோம்பேறி என்று சொல்வதற்கு முன், காலையில் என்ன சாப்பிட்டாய் என்று கேளுங்கள். நான் கேட்கத் தவறிய கேள்வி அது.